ஜூன் மாதத்தின் முதல் பத்து நாட்களை எங்களுக்குக் கொடுங்கள்

ஆசிரியர் பயிற்சியைத் திட்டமிடுகிறவர்களுக்கும் பயிற்சிக் கட்டகம் (மாட்யூல்) எழுதுகிறவர்களுக்கும் வணக்கம்.

நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சர்வீஸ் இருபத்திரண்டு வருடம். இந்த மடலில் ஊதியம், கலந்தாய்வு, பதவி உயர்வு எதைப் பற்றியும் பேசப்போவதில்லை, அதனால் தயங்காமல் படிக்கலாம். கேட்கப்போவது பத்து நாள் மட்டும்.

என் இரண்டாம் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அது வேறொரு பள்ளி. ஜூன் மாதம், ஆறாம் வகுப்பு. மணி அடித்தது. உள்ளே போய்ப் பலகையைத் துடைத்து, தேதி எழுதிவிட்டுத் திரும்பினால், வாசலுக்கு வெளியே ஒரு பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். "என்னடா, உள்ளே வரத் தாம்பூலம் வைக்கணுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் அசையவில்லை. நடிக்கிறான் என்று நினைத்துக் குச்சியால் காலில் ஒன்று போட்டு உள்ளே தள்ளினேன். மதியம் சத்துணவுக்குத் தட்டு கழுவும் இடத்தில், அவன் ஊர்ப் பெண் ஒருத்தி வந்து மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், அவனுக்கு இங்கிலீஷ்ல கேக்கத் தெரியாது மிஸ்." அவனுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் "மே ஐ கம் இன் மிஸ்" என்று கேட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். அவன் படித்த தொடக்கப்பள்ளியில் வாசலில் நின்று யாரும் எதுவும் கேட்டதில்லை, ஓடி வந்து பாயில் உட்கார வேண்டியதுதான். இங்கே என்ன வழக்கம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றைச் செய்யவில்லை என்று அடித்திருக்கிறேன்.

(அப்போதே தமிழ்நாட்டில் விதியைத் திருத்தி, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. 2003இல். அந்தச் செய்தி ஸ்டாஃப் ரூம் வரை நடந்து வருவதற்கு ரொம்ப நாளானது.)

ஆறாம் வகுப்பு என்பது சந்தை மாதிரி. எங்கள் பள்ளிக்கு ஐந்து ஊர்த் தொடக்கப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், வீடு மாதிரி. இன்னொன்றில் மணியே அடிக்க மாட்டார்கள். மற்றொன்றில் வாய்மேல் விரல் வைத்துத்தான் உட்கார வேண்டும். இத்தனை நாளும் ஒரே டீச்சர் முகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இங்கே நாற்பது நிமிடத்துக்கு ஒரு முகம் மாறுகிறது. தமிழ் ஐயாவிடம் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அறிவியல் சாரிடம் உட்கார்ந்தபடியே சொல்லலாம். ஒருவர் பாத்ரூம் போக விடுவார், ஒருவர் "இப்பதானே இன்டர்வெல் விட்டாங்க" என்பார். ஒருவருக்கு மார்ஜின் சிவப்புப் பேனாவில் போட வேண்டும், இன்னொருவருக்குச் சிவப்புப் பேனாவைத் தொட்டாலே கோபம் வரும். பதினோரு வயதுப் பிள்ளை இதையெல்லாம் தானாகவே கற்றுக்கொள்ளும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். கற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. திட்டு வாங்கி, அடுத்தவன் திட்டு வாங்குவதைப் பார்த்து, ஒரு வழியாகக் காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் கற்றுக்கொள்கிறது.

கிளாஸ் கன்ட்ரோல் என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்பது உங்களுக்கும் தெரியும், நீங்களும் வகுப்பெடுத்துவிட்டுத்தான் அங்கே போயிருப்பீர்கள். கையைக் கட்டு. வாயை மூடு. லீடர், பேசுறவங்க பேரை எழுது. இந்தப் பேர் எழுதும் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். டீச்சர் இல்லாத பீரியடில் லீடர் பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டு, அடிக்கோடும் இடுவான். மறுபடி பேசினால் பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நாலு பெருக்கல் குறி சேர்ந்தால் 'மி.அ.', அதாவது மிக அதிகம். கடலை மிட்டாய் கொடுத்தவன் பேர் அழியும். முந்தா நாள் சண்டை போட்டவன் பேர் வாயைத் திறக்காமலே ஏறும். டீச்சர் வந்து பார்த்து, பேர் இருப்பவர்களை எழுப்பி நிற்கவைப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தவன் என்ன செய்தான்? சும்மா இருந்தான். அவன்தான் நல்ல பிள்ளை.

"ஒழுங்கா இரு" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று ஒருநாள் மேசையில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். மதியத்துக்குள் முப்பத்தொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன், வெட்கமாக இருந்தது. 'ஒழுங்கு' என்றால் என்ன என்று அந்த முப்பத்தொரு முறையில் ஒருமுறைகூட நான் சொல்லவில்லை.

அதே வாரம் கடிகாரமும் பார்த்தேன். திருத்திய நோட்டுகளை நாற்பத்திரண்டு பேருக்குத் திரும்பக் கொடுக்க ஏழு நிமிடம். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, அவன் பெஞ்சைத் தாண்டி, இன்னொருவன் காலை மிதித்து, அதற்கு ஒரு பஞ்சாயத்து. பீரியட் தொடங்கி வகுப்பு அடங்க ஐந்து நிமிடம். எட்டு பீரியடுக்கும் ஐந்தைந்து நிமிடம் என்று வைத்தால் நாற்பது, அதாவது தினமும் முழுசாக ஒரு பீரியட். ஆறிலிருந்து எட்டு வரை வருடத்துக்கு 220 வேலைநாள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 220 பீரியட்! நேரம் போதவில்லை, பாடம் முடியவில்லை என்று நாங்கள் அழுவதில் பாதி இங்கேதான் ஒழுகுகிறது.

இதை மாற்றியதைப் பெரிய சாதனை மாதிரிச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. நோட்டு கொடுப்பதைப் பாடமாக எடுத்தேன். அவ்வளவுதான். நோட்டை வரிசைவாரியாக அடுக்கி வாங்குவது, எல்லா நோட்டின் முதுகும் ஒரே பக்கம் பார்ப்பது, பெஞ்சு ஓரத்தில் இருப்பவர் வாங்கித் தன் நோட்டை எடுத்துக்கொண்டு மீதியை நகர்த்துவது, கடைசி ஆள் "முடிஞ்சது" என்று சொல்லாமல் கையைத் தூக்குவது. முதலில் நானே பெஞ்சில் உட்கார்ந்து செய்து காட்டினேன், அதற்கே ஒரு சிரிப்பு. பிறகு ஒரு பெஞ்சு மட்டும். பிறகு முழு வகுப்பு. தப்பானால் திட்டு கிடையாது, திரும்ப அடுக்கி மறுபடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னதும் அவர்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் ஒன்றரை நிமிடம். "மிஸ், இன்னொரு வாட்டி குடுக்கலாம் மிஸ், ஒரு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று கேட்கிறார்கள்!

அப்புறம் வாசல் கணக்கு. அந்தப் பெயரைப் பிள்ளைகள்தான் வைத்தார்கள். நான் உள்ளே வரும் முன்பே பலகையின் இடது மூலையில் ஒரு கணக்கு இருக்கும். லீடருக்கு இப்போது பேர் எழுதும் வேலை இல்லை, நான் கொடுத்த சீட்டைப் பார்த்து அந்தக் கணக்கை எழுதும் வேலைதான். விளையாட்டுப் பீரியட் முடிந்து வந்தால் வெளியே தண்ணீர் குடித்துவிட்டு, உட்கார்ந்து, நோட்டைத் திறந்து அதைப் போட வேண்டும். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. 'சத்தம் போடாதே' என்பதை எடுத்துவிட்டு மூன்று குரல் வைத்தோம்: ரகசியக் குரல், பெஞ்சுக் குரல், வகுப்புக் குரல். எந்த வேலைக்கு எந்தக் குரல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பெஞ்சுக் குரல் என்றால் பின்பெஞ்சுக்குக் கேட்கக் கூடாது. கேட்கிறதா என்று பின்பெஞ்சுக்காரர்களே நீதிபதி. பென்சில் இல்லாதவனுக்கு ஜன்னலில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பென்சில். எடுத்தால் பீரியட் முடிவில் திரும்பப் போட வேண்டும், எடுக்க அனுமதி வேண்டாம். பாத்ரூம் அட்டை வாசல் ஆணியில் தொங்கும். அட்டை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், இல்லையென்றால் வரும்வரை காத்திருக்கலாம், அவசரம் என்றால் என் கண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆண் ஆசிரியர்களுக்கு நான் தனியாக உட்கார்ந்து சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது பேர் முன்னால் கையைத் தூக்கிக் காரணம் சொல்ல முடியாத நாட்கள் அவர்களுக்கு இருக்கின்றன.

இதில் புதுசாக ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டுக்கே தெரிந்த விஷயம்தான். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை, சின்ன வகுப்புப் பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படித்த முறையை, நினைத்துப் பாருங்கள். பிள்ளை வந்ததும் தன் வருகையைத் தானே குறித்தது. ஏணிப்படியை (எந்தப் படிக்கு அடுத்து எது என்று காட்டும் படம்) பார்த்துத் தன் அட்டையைத் தானே எடுத்தது. எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று அட்டையில் இருந்த குறி சொன்னது. கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு இடமாகக் கரும்பலகை. அதைக் குறை சொன்னவர்கள் உண்டு, நானும் சில குறைகள் சொல்வேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: அடுத்து என்ன செய்வது என்று டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அந்த அறையில் குறைவு. இப்போது சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகும், கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரிவதும் நகர்வதும் சின்ன வகுப்புகளில் பழக்கமாகத்தான் நடக்கிறது. ஆறாம் வகுப்பு வாசலில்தான் அது அறுந்துபோகிறது. தானே அட்டை எடுத்த கையைக் கட்டச் சொல்கிறோம்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. "குச்சியைப் பிடுங்கிட்டாங்க, இனிமே என்ன சார் பண்றது?" கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடம்பில் அடிப்பதையும் மனதில் அடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எனக்கு அந்தக் குச்சி திரும்ப வேண்டாம். "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க டீச்சர்" என்று இன்றைக்கும் சொல்லும் அப்பாக்களிடம் நான் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் குச்சியை வாங்கி வைத்தவர்கள், அதற்குப் பதிலாகக் கையில் என்ன கொடுத்தோம் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் உபதேசம். 2022இல் சில பள்ளிகளில் மாணவர்கள் மேசையை உடைத்த வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவியபோது, டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் என்ற எச்சரிக்கை வந்தது. 2025 ஜூலையில் பிள்ளைகளைப் 'ப' வடிவத்தில் உட்காரவைக்கலாம் என்றார்கள். கழுத்து வலிக்கும் என்று பேச்சு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்திவைத்தார்கள். 'ப'வுக்கு நான் எதிரி இல்லை. எங்கள் அறையில் நாற்பது பிள்ளைக்கு 'ப' போட்டால் நடுவில் கோலிகூட விளையாட முடியாது என்பது வேறு கதை. பெஞ்சை நகர்த்த எத்தனை நிமிடம், யார் எந்த முனையைத் தூக்குவது, அடுத்த பீரியட் ஆசிரியருக்கு வேறு மாதிரி வேண்டுமென்றால் யார் மாற்றுவது? அந்த விவாதத்தில் இதை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தண்ணீர் மணி அதே வருடம் வந்தது. நாளுக்கு மூன்று முறை மணி அடிக்கும், இருந்த இடத்திலேயே தண்ணீர் குடிக்கலாம். நல்ல ஏற்பாடு. முதல் நாள் எங்கள் வகுப்பில் மூன்று கணக்கு நோட்டுகள் நனைந்தன. இரண்டாம் நாள் பாட்டில் எங்கே இருக்க வேண்டும் (பெஞ்சுக்குக் கீழே, இடது பக்கம்), எதை மூடிவிட்டு எதைத் திறக்க வேண்டும் (முதலில் நோட்டு, பிறகு மூடி) என்று ஐந்து நிமிடம் பழகினோம். அதன் பிறகு நோட்டு எதுவும் நனையவில்லை. எந்த உத்தரவும் வகுப்பறைக்குள் வரும்போது இப்படி ஒரு ஐந்து நிமிடம் கேட்கிறது.

வெளிநாட்டு ஆய்வு சொன்னால்தான் கேட்போம் என்பவர்களுக்காக ஒன்று. அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் தன் கல்லூரி வகுப்பில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவனைக் கண்டித்தார். உடனே கண்டிக்கப்படாத மற்றவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எப்படிக் கண்டித்தால் வகுப்பு அடங்கும் என்று தேடிக்கொண்டு அவர் வருடக்கணக்கில் பள்ளி வகுப்பறைகளைப் பார்த்தார். 1970இல் அவர் எழுதிய முடிவு, தேடிப் போனதற்கு நேர்மாறானது: தப்பு நடந்த பிறகு எப்படிக் கண்டித்தார்கள் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தப்பு நடப்பதற்கு முன்னால் வகுப்பை எப்படி ஓட்டினார்கள் என்பதில்தான் இருந்தது. பத்து வருடம் கழித்து எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் மூவரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை வருடத்தின் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து கவனித்தார்கள். நன்றாக நடத்தியவர்கள் முதல் வாரங்களில் விதிகளையும் நடைமுறைகளையும் பாடம் மாதிரியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சரி, அந்த முதல் வாரங்களில் நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? சேர்க்கை. எமிஸ் பதிவு, அதாவது கல்வித் துறையின் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றுவது. ஆதார் இருக்கிறதா, வங்கிக் கணக்கு திறந்தாயா, சாதிச் சான்றிதழ் எங்கே, பஸ் பாஸுக்கு போட்டோ எங்கே. புத்தகம், நோட்டு, சீருடை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது. ஆறாம் வகுப்பு டீச்சர் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்திருக்க, நாற்பது பிள்ளைகள் இந்தப் பள்ளியில் எப்படி இருக்கலாம் என்று தாங்களாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். டீச்சர் ஜூலையில் தலையை நிமிர்த்தும்போது வகுப்பு ஏற்கெனவே பழகியிருக்கிறது, எங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்கு எத்தனை நாள் ஒத்திகை பார்க்கிறோம்? பத்து நாள், வெயிலில். ஆண்டு விழா நடனத்துக்கு ஒரு மாதம். ஐந்து நிமிட ஆட்டத்தில் எந்தக் காலை எப்போது தூக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதம் கொடுக்கும் பள்ளியில், 220 நாள் நடக்கும் வகுப்புக்கு ஒருநாள் ஒத்திகை கிடையாது. ஆட்டத்தில் கால் மாறினால் பி.இ.டி. சார் "மறுபடி முதல்லேருந்து" என்பார். வகுப்பில் மாறினால் "உன்னைத் திருத்தவே முடியாது" என்கிறோம்.

அதனால் நான் கேட்பது இதுதான். பள்ளி திறந்து முதல் பத்து வேலைநாள், குறைந்தபட்சம் ஆறாம் வகுப்புக்காவது, வகுப்பாசிரியரிடம் எந்தப் பதிவும் பட்டியலும் கேட்காதீர்கள். பதினோராம் நாள் கேளுங்கள், பிள்ளைகள் வரிசையாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள், வேகமாகவும் முடியும். அதற்கு முன்னால், பயிற்சிகளில் ஓர் அரை நாளை ஒதுக்கி, ஒரே பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரையும் ஒரு மேசையில் உட்காரவையுங்கள். வழக்கமாகப் பாடவாரியாகத்தான் பிரிப்பீர்கள், கணக்கு டீச்சர்கள் ஒரு அறை, தமிழாசிரியர்கள் ஒரு அறை. பிள்ளைக்கு நாங்கள் பாடவாரியாக வருவதில்லை, ஒருவர் பின் ஒருவராக வருகிறோம். உள்ளே வருவது, பாத்ரூம், நோட்டு, பேசும் குரல், வேலையை முடித்தவன் என்ன செய்வது: இந்த ஐந்தில் மட்டும் ஏழு பேரும் ஒரே மாதிரி என்று முடிவு செய்துகொண்டு எழுந்தால் போதும். மீதியில் அவரவர் பாணி இருக்கட்டும். எங்கள் பள்ளியில் இதைப் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரமானது, அதில் முக்கால் மணி பாத்ரூமுக்கே போயிற்று.

பயிற்சிக்கு வீடியோ எடுத்தால் தயவுசெய்து பன்னிரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்காரவைத்து எடுக்காதீர்கள். நாற்பது பேர், ஒரு மின்விசிறி, பக்கத்து அறையில் ஏழாம் வகுப்பு வாய்ப்பாடு கத்திக்கொண்டிருக்க வேண்டும். நோட்டு கொடுப்பது முதல் நாள் சொதப்புவதையும் எடுங்கள். சொதப்பலைப் பார்த்தால்தான் புது ஆசிரியருக்குத் தைரியம் வரும்.

பி.எட். பற்றியும் ஒரு வார்த்தை. படிப்பை இரண்டு வருடமாக்கி, இருபது வாரம் பள்ளியில் பயிற்சி என்று வைத்தது நல்லதுதான். ஆனால் எங்கள் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணவர்கள் எல்லாரும் வகுப்பு ஒரு வழிக்கு வந்த பிறகே வந்தார்கள். ஒருவர்கூட ஜூன் முதல் வாரத்தைப் பார்த்ததில்லை. "உங்க கிளாஸ் எப்படி மேடம் இவ்ளோ நல்லா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பாடத்திட்ட நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அவர்களுக்குக் காட்டியிருக்க வேண்டியது ஆகஸ்டில் இல்லை.

பழக்கம் என்ற பெயரில் பிள்ளைகளை ராணுவமாக்கிவிடுவார்களோ என்ற பயம் உங்களுக்கு வந்தால், அது எனக்கும் உண்டு. கழுத்தில் டை கட்டி, வாயில் விரல் வைத்து, கோடு தாண்டாமல் நடக்கும் வகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன், எரிச்சலாகத்தான் வரும். அதற்கு என்னிடம் ஒரு சின்ன சோதனை இருக்கிறது. ஒரு பழக்கத்தால் யாருக்கு வசதி, பிள்ளைக்கா எனக்கா என்று பார்ப்பேன். பாத்ரூம் அட்டையால் பிள்ளை என்னைக் கெஞ்சுவது குறைந்தது, சரி. 'கையைக் கட்டு' என்பதால் எனக்கு மட்டும்தான் வசதி, அதனால் எடுத்துவிட்டேன்.

இதனால் எல்லாம் சரியாகிவிடாது. போன வருடம் ஒரு பையன். எந்தப் பழக்கத்துக்கும் வரமாட்டான். திட்டினாலும் சிரித்தாலும் ஒன்றுதான். மற்ற நாற்பத்தொரு பேரும் வாசல் கணக்கில் இருக்கும்போது எனக்கு அந்த மூன்று நிமிடம் சும்மா கிடைக்கிறது, அறையைப் பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில்தான், அவன் மூன்று நாளாக நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே தூங்குகிறான் என்று தெரிந்தது. விடியற்காலை நாலரைக்கு மாமா டீக்கடையில் பால் வாங்கி வரும் வேலை. அவன் அம்மாவையும் மாமாவையும் பார்க்கப் போனேன், நாங்கள் பேசிய பேச்சு எதுவும் இங்கே வேண்டாம். பழைய மாதிரி இருந்திருந்தால் அந்த மூன்று நிமிடமும் நான் "சைலன்ஸ்" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

இதையெல்லாம் நம்பாமல் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், ஆகஸ்டில் வராதீர்கள். பள்ளி திறந்த இரண்டாம் நாள், மூன்றாம் பீரியட் வாருங்கள். நோட்டு கொடுத்துப் பழகிக்கொண்டிருப்போம். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, கடைசி பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் கைக்கும் நோட்டுக் கட்டு வரும். முதுகு ஒரே பக்கம் பார்க்க நகர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்,
விழுப்புரம் மாவட்டம்